ஆக்சிடென்ட் கேஸில் மெடிக்கல் லீன்: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் விபத்துக்குப் பிறகு வக்கீல் யார், எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கிடைக்கும் பணத்தில் யார் யார் பங்கு கேட்பார்கள் என்பது செக் வரும் நேரத்தில்தான் தெரிய வருகிறது. அந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கீழே எந்த மாநிலத்தின் பெயர் வருகிறதோ அந்த விதி அந்த மாநிலத்துக்கு மட்டும்தான்.

1. "ஆஸ்பத்திரி லீன் போட்டிருக்கு"ன்னு லெட்டர் வந்திருக்கு. எங்க மேல கேஸ் போட்டுட்டாங்களா? வீட்டைப் பிடிச்சுக்குவாங்களா?

இல்லை. மெடிக்கல் லீன் உங்கள் வீட்டின் மீதோ, சம்பளத்தின் மீதோ, பேங்க் கணக்கின் மீதோ உட்காருவதில்லை. விபத்துக்குக் காரணமானவரிடமிருந்து (நடைமுறையில் அவருடைய கார் இன்சூரன்ஸிடமிருந்து) உங்களுக்கு வரப்போகும் இழப்பீட்டுப் பணத்தின் மீது மட்டும்தான் உட்காரும். "அந்தப் பணம் வரும்போது எங்கள் பாக்கியை எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள்" என்று ஆஸ்பத்திரி முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கிறது. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் இதைக் கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். லெட்டர் அரசாங்கக் கடிதம் மாதிரி தெரிவதற்கு அதுதான் காரணம்.

பயப்பட வேண்டாம், ஆனால் குப்பையிலும் போட வேண்டாம். உறையோடு ஸ்கேன் செய்து, வந்த தேதியை எழுதி, வக்கீலுக்கு அனுப்புங்கள். எந்தத் தேதியில் யாருக்கு நோட்டீஸ் போனது என்பதை வைத்தே பல லீன்கள் செல்லும் அல்லது செல்லாமல் போகும்.

2. எங்ககிட்ட நல்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே. கார்டைக் கூடக் காட்டினோம். அப்புறம் ஏன் லீன்?

காரணம் கணக்கு. உங்கள் இன்சூரன்ஸுக்கு பில் அனுப்பினால் ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்த ரேட்தான் கிடைக்கும்; 40,000 டாலர் பில்லுக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் வரும். லீன் போட்டுக் காத்திருந்தால் முழு விலைப்பட்டியல் தொகையைக் கேட்கலாம். அதனால் பதிவு செய்யும் மேஜையில் "கார் ஆக்சிடென்ட்" என்று டைப் அடித்ததுமே சில ஆஸ்பத்திரிகள் கோப்பை லீன் பிரிவுக்குத் தள்ளிவிடுகின்றன. கார்டு ஸ்கேன் ஆகியிருக்கும். க்ளெய்ம் மட்டும் போயிருக்காது.

செய்ய வேண்டியது: உங்கள் இன்சூரன்ஸ் போர்ட்டலில் அந்தத் தேதிக்கான க்ளெய்ம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மெம்பர் ஐடி, குரூப் எண் போட்டு "என் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு பில் அனுப்புங்கள்" என்று ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. க்ளெய்ம் அனுப்ப ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் காலக்கெடு உண்டு, அது தாண்டிவிட்டால் இந்த வழி மூடிவிடும். எனவே முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. இன்சூரன்ஸ் பணத்தை முழுத் தீர்வாக ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்ட பிறகு, விலைப்பட்டியலுக்கும் ஒப்பந்த ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு லீன் போட முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005-இல் பார்னெல் வழக்கில் சொல்லிவிட்டது.

3. லீன், லீன்னு எல்லாத்தையும் ஒரே பேர்ல சொல்றாங்க. யார் யாருக்கெல்லாம் இந்த உரிமை இருக்கு?

பெயர் ஒன்று, சரக்கு வேறு வேறு. ஆஸ்பத்திரிக்கு மாநிலச் சட்டம் கொடுக்கும் லீன் ஒரு வகை. கேஸ் முடிந்து பணம் வாங்கிக்கொள்கிறேன் என்று டாக்டரோ கைரோபிராக்டரோ உங்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்த லீன் இன்னொன்று. உங்கள் ஹெல்த் இன்சூரன்ஸ், தான் கட்டியதைத் திருப்பிக் கேட்பது மூன்றாவது. மெடிக்கேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இரண்டும் அரசாங்கத்தின் கை, விதிகளும் தனித்தனி. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் வொர்க்கர்ஸ் காம்ப் நிறுவனமும் வரிசையில் நிற்கும்.

இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் மொத்த விஷயத்திலும் முக்கியமான வேலை. எவ்வளவு குறைக்க முடியும், குறைக்க மறுத்தால் என்ன செய்யலாம், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் விடை, கடிதத்தில் போட்டிருக்கும் தொகையில் இல்லை. அனுப்பியவர் எந்த வகை என்பதில் இருக்கிறது.

4. தப்பு அவங்க மேல. அவங்க இன்சூரன்ஸ் நேரா ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிட வேண்டியதுதானே?

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் மாதா மாதம் பில் கட்டாது. கடைசியில் ஒரே ஒரு தடவை, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு, ஒரு தொகை கொடுக்கும். அதுவரை ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ யாராவது கட்டியாக வேண்டும். லீன் என்ற ஏற்பாடே இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

இடையில் உதவக்கூடியது உங்கள் காரின் பாலிசியிலேயே இருக்கலாம்: பிஐபி அல்லது மெட்பே. யார் மீது தப்பு என்று பார்க்காமல் காரில் இருந்தவர்களின் மருத்துவச் செலவுக்குக் கொடுப்பது இது. நியூயார்க்கில் அடிப்படை 50,000 டாலர். நியூ ஜெர்சியில் நீங்கள் தேர்ந்தெடுத்ததைப் பொறுத்து 15,000 முதல் 250,000 வரை. ஃப்ளோரிடாவில் 10,000, அதுவும் 14 நாளுக்குள் முதல் சிகிச்சை எடுத்திருந்தால்தான். டெக்சஸில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய பாலிசியில் பிஐபி இருந்தாக வேண்டும். "எனக்கு இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால், கையெழுத்திட்ட மறுப்புப் படிவத்தைக் கேளுங்கள்.

5. ஆஸ்பத்திரி 48,000 டாலர் கேட்குது. எதிராளி பாலிசியே 30,000 தான். எல்லாத்தையும் அவங்களே எடுத்துக்கிட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள பல மாநிலங்கள் விடுவதில்லை. டெக்சஸில் விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் அட்மிட் ஆனவருக்குத்தான் ஆஸ்பத்திரி லீனே போட முடியும். அதுவும் முதல் 100 நாள் பில் அல்லது மொத்த இழப்பீட்டில் 50 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவரைதான். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்பத்திரி லீனுக்கு 50 சதவீத உச்சவரம்பு உண்டு. இல்லினாயில் எல்லா மருத்துவ லீன்களும் சேர்ந்தே 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

டெக்சஸ் கணக்கையே போட்டுப் பார்ப்போம். செட்டில்மென்ட் 30,000. வக்கீல் பங்கு மூன்றில் ஒன்று, 10,000. ரெக்கார்டு வாங்கியது, தபால் என்று செலவு 800. லீன் உச்சவரம்பு 30,000-இல் பாதி, 15,000. உங்கள் கைக்கு 4,200. இதே கேஸில் ஆஸ்பத்திரி உங்கள் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு பில் போட்டு, அது 9,000 கட்டி முடித்திருந்தால்? இன்சூரன்ஸ் 9,000 திரும்பக் கேட்கும். வக்கீல் செலவில் அதன் பங்காக மூன்றில் ஒன்று கழிந்தால் 6,000. உங்கள் கைக்கு 13,200. இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த ஒரு கடிதத்தின் விலை இந்த உதாரணத்தில் 9,000 டாலர்.

ஒரு கண்ணி: உச்சவரம்பு லீனுக்குத்தான், கடனுக்கு இல்லை. இன்சூரன்ஸே இல்லாதவர் என்றால் லீன் போக மீதி 33,000-ஐ ஆஸ்பத்திரி சாதாரண பாக்கியாகக் கேட்க வாய்ப்பு உண்டு. அதனால் 15,000 கொடுக்கும்போது "இத்தோடு கணக்கு முழுவதும் தீர்ந்தது, பாக்கி பூஜ்யம்" என்று எழுத்தில் வாங்காமல் செக்கை அனுப்பக்கூடாது. "லீன் விடுவிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

6. ஏதோ ஒரு கம்பெனி "உங்க காயம் விபத்தால ஏற்பட்டதா?"ன்னு படிவம் அனுப்பியிருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி பேரே இல்லை. ஏமாத்து வேலையா?

பெரும்பாலும் நிஜம்தான். ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பணத்தைத் திரும்ப வசூலிக்கும் வேலையை ராலிங்ஸ், ஆப்டம் போன்ற வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கின்றன. எமர்ஜென்சி க்ளெய்மில் காயத்துக்கான கோடு, அதாவது 'எஸ்' அல்லது 'டி' எழுத்தில் தொடங்கும் ஐசிடி-10 கோடு, வந்தவுடன் படிவம் தானாகக் கிளம்பும். சந்தேகம் என்றால் கார்டின் பின்பக்க எண்ணைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில் போடாமல் விட்டால் சில பிளான்கள் அந்த விபத்து தொடர்பான க்ளெய்ம்களை நிறுத்தி வைக்கும், பில் உங்கள் பக்கம் திரும்பும். வக்கீல் இருந்தால் அவர் பெயர், முகவரி கொடுத்தால் போதும். விபத்து எப்படி நடந்தது என்று அரைப் பக்கம் எழுதத் தேவையில்லை.

7. நான் எச்-1பி, கம்பெனி இன்சூரன்ஸ். கட்டின முழுப் பணத்தையும் கேட்கறாங்க. கலிஃபோர்னியா சட்டப்படி மூணுல ஒண்ணுக்கு மேல கேட்க முடியாதுன்னு படிச்சேனே?

படித்தது சரி, ஆனால் உங்கள் பிளானுக்குப் பொருந்தாமல் போகலாம். கலிஃபோர்னியா சிவில் சட்டம் 3040-ஆம் பிரிவு, வக்கீல் வைத்திருந்தால் இழப்பீட்டில் மூன்றில் ஒன்று, வைக்காவிட்டால் பாதி என்று ஹெல்த் இன்சூரன்ஸுக்கு உச்சவரம்பு வைக்கிறது. நியூயார்க் 2009 முதல் செட்டில்மென்ட்டிலிருந்து ஹெல்த் இன்சூரன்ஸ் திரும்பக் கேட்பதையே தடுத்திருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் பல, இன்சூரன்ஸ் வாங்காமல் தங்கள் பணத்திலிருந்தே ஊழியர்களின் மருத்துவச் செலவைக் கட்டுகின்றன. கார்டில் இருக்கும் இன்சூரன்ஸ் பெயர் கணக்குப்பிள்ளை மட்டும்தான். இது செல்ஃப் ஃபண்டட் பிளான். எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநில உச்சவரம்புகள் இதைத் தொடாது.

எவ்வளவு கடுமையாகப் போகலாம் என்பதற்கு யுஎஸ் ஏர்வேஸ் எதிர் மெக்கட்சன் வழக்கே சாட்சி. பிளான் கட்டியது 66,866 டாலர். விபத்தில் கிடைத்தது 110,000. வக்கீலுக்கு 40 சதவீதம் போக மீதி 66,000. பிளான் தன் முழுத் தொகையையும் கேட்டது, அதாவது காயம்பட்டவர் கையிலிருந்து போட வேண்டிய நிலை. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளான் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும், நியாய அநியாயம் பேசி அதை மாற்ற முடியாது என்றது. ஆனால் அந்த ஆவணம் வக்கீல் செலவைப் பற்றி ஒன்றும் சொல்லாததால், அந்தச் செலவில் பிளானும் பங்கேற்க வேண்டும் என்ற பொது விதி அந்த இடைவெளியை நிரப்பும் என்றும் சொன்னது. ஆக, ஆவணத்தை வரி வரியாகப் படிக்காமல் பேரத்தில் உட்காரக் கூடாது.

8. எங்க பிளான் செல்ஃப் ஃபண்டடா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எச்ஆரிடம் கேட்டால் பாதி நேரம் அவர்களுக்கே தெரியாது. கார்டில் "நிர்வகிப்பது இன்னார்" என்ற வகை வாசகம் இருந்தால் அது ஒரு குறிப்பு. பிளான் சுருக்கக் கையேட்டின், அதாவது எஸ்பிடியின், கடைசிப் பக்கங்களில் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இருக்கும். பிளான்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 5500-ஆம் படிவத்திலும் தெரியும்.

கையேட்டோடு நிற்காமல் மூல பிளான் ஆவணத்தையும் கேளுங்கள். இரண்டும் முரண்பட்ட கேஸ்கள் உண்டு. 2011-இல் சிக்னா எதிர் அமாரா வழக்கில், சுருக்கக் கையேடு பிளானைப் பற்றிச் சொல்கிறதே தவிர அதுவே பிளான் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளான் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு, பெரும்பாலும் உங்கள் கம்பெனியே அது, எழுத்தில் கேட்டு 30 நாளில் தராவிட்டால் நாளுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம். கடிதத்தை வசூல் நிறுவனத்துக்கு அனுப்பினால் இந்தக் கடிகாரம் ஓடாது. அட்மினிஸ்ட்ரேட்டர் பெயருக்கே போக வேண்டும்.

9. ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா எங்க கார்ல இருந்தப்போ அடிபட்டாங்க. விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கு. என்ன செய்யறது?

நான்கு வாசல்களையும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். முதலில் உங்கள் காரின் பிஐபி அல்லது மெட்பே. காரில் பயணம் செய்தவர்கள் என்ற முறையில் அது வழக்கமாகப் பெற்றோருக்கும் செல்லும். விசா வகை ஒரு பொருட்டில்லை. அடுத்து விசிட்டர் பாலிசி. இதில் இரண்டு ரகம்: எமர்ஜென்சிக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று நிர்ணயத் தொகை கொடுப்பது; முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை (டிடக்டிபிள்) போக மீதியைச் சதவீதத்தில் கொடுப்பது. நிர்ணயத் தொகை பாலிசி என்றால் பில்லில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். எந்த ரகமானாலும் கட்டியதைத் திரும்பக் கேட்கும் ஷரத்து பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது வாசலைத்தான் நம்மவர்கள் கூச்சப்பட்டுத் தட்டாமல் விடுகிறார்கள்: ஆஸ்பத்திரியின் நிதியுதவித் திட்டம். வரிவிலக்கு பெற்ற லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகள் எழுத்துபூர்வமான உதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வரிச் சட்டம். டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை மனு வாங்கியாக வேண்டும். தகுதி பெற்றவரிடம், இன்சூரன்ஸ் உள்ளவர்களிடம் பொதுவாக வாங்கும் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைச் சேர்ப்பதா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் கொள்கையில் இருக்கும். மறுக்கும் இடமும் உண்டு, ஏற்கும் இடமும் உண்டு. மனுவில் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கிறார்களா, வீட்டில் உள்ள எல்லோருடையதையுமா என்று படித்துவிட்டு நிரப்புங்கள். நான்காவது, எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ். கடைசியில் வருவது, ஆனால் பெரியது.

10. அம்மா கிரீன் கார்டு, மெடிக்கேர் இருக்கு. அரசாங்கம் தானே கட்டுச்சு, அவங்க எதுக்குத் திரும்பக் கேட்கறாங்க?

மெடிக்கேர் கட்டியது கடன் மாதிரி. இன்னொருவர் கட்ட வேண்டிய செலவு என்பதால் "நிபந்தனைக் கட்டணம்" என்றே பெயர். 65 வயதான கிரீன் கார்டுக்காரர் தொடர்ந்து 5 வருடம் இங்கே வசித்தால் மெடிக்கேரில் பிரீமியம் கட்டிச் சேரலாம் என்பதால் நம் குடும்பங்களிலும் இது அடிக்கடி வருகிறது. லீன்களிலேயே அலட்சியம் செய்யக் கூடாதது இதுதான். கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். கட்டத் தவறிய இன்சூரன்ஸ் மீது இரட்டிப்புத் தொகை கேட்டு வழக்குத் தொடரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் உங்கள் மெடிக்கேர் எண்ணைக் கேட்டு நச்சரிப்பது இதனால்தான். விபத்துக் காய வழக்கில் செட்டில்மென்ட் மொத்தமே 750 டாலருக்குள் என்றால் மெடிக்கேர் வசூலுக்கு வராது.

வரிசை இப்படி. விபத்தை பிசிஆர்சி என்ற மெடிக்கேர் வசூல் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமை, பொறுப்புகளை விளக்கும் கடிதம் வரும். அதிலிருந்து சுமார் 65 நாளில் இதுவரை கட்டியதன் பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள். கணுக்கால் முறிவுக்கு நடுவே ஐ10 என்று இரத்த அழுத்தமும் இ11 என்று சர்க்கரை நோயும் சேர்ந்து வந்திருக்கும். வழக்கமான மாதாந்திர செக்கப், விபத்துக்குப் பின் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே நுழைந்திருக்கும். ஒவ்வொன்றையும் குறித்து நீக்கச் சொல்ல வேண்டும். செட்டில் ஆனதும் விவரம் அனுப்பினால் இறுதித் தொகைக் கடிதம் வரும். 60 நாளுக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஒப்பவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 120 நாள்.

வக்கீல் செலவில் தன் பங்கை மெடிக்கேர் தானே கழித்துக்கொள்ளும். செட்டில்மென்ட் 60,000, வக்கீல் பங்கும் செலவும் 21,000 என்றால் அது 35 சதவீதம். மெடிக்கேர் கட்டியது 10,000 என்றால் 6,500 கட்டினால் போதும். இன்னொன்று: அம்மாவுடையது தனியார் நிறுவனம் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் பிளான் என்றால் பிசிஆர்சி பட்டியலில் அந்தத் தொகை வரவே வராது. "மெடிக்கேர் பூஜ்யம் என்றுதானே சொன்னது" என்று பணத்தைப் பிரித்த பிறகு அட்வான்டேஜ் பிளானின் கடிதம் வந்து நிற்பது இந்தக் குழப்பத்தால்தான்.

11. குழந்தைக்கு மெடிக்கெய்ட்ல சிகிச்சை நடந்தது. அவங்களுக்கும் இதே விதியா?

இல்லை, இங்கே நிலைமை கொஞ்சம் இதமானது. மெடிக்கெய்ட், இழப்பீட்டில் மருத்துவச் செலவுக்கான பகுதியிலிருந்து மட்டுமே எடுக்கலாம். வலி, வேதனை, சம்பள இழப்புக்கான பகுதியைத் தொடக்கூடாது. 2006-இல் ஆல்போர்ன் வழக்கில், சுமார் 30 லட்சம் டாலர் மதிப்புள்ள கேஸ் 550,000-க்கு முடிந்தது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆர்கன்சா மாநிலம் தான் கட்டிய 215,645 முழுவதையும் கேட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆறில் ஒரு பங்கு விகிதத்தில் 35,581 மட்டும் என்றது. 2022-இல் கயார்டோ வழக்கு மாநிலங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது: எதிர்கால மருத்துவச் செலவுக்கான பகுதியிலிருந்தும் எடுக்கலாம். ஆகவே செட்டில்மென்ட் ஒப்பந்தத்தில் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது முக்கியம். குழந்தையின் செட்டில்மென்ட்டுக்குப் பல மாநிலங்களில் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். அந்த உத்தரவிலேயே மெடிக்கெய்ட் தொகையையும் எழுத வைத்துவிடுங்கள்.

12. "இப்ப ஒரு காசும் வேண்டாம், லீன்ல பார்த்துக்கலாம்"னு டாக்டர் சொல்றார். கையெழுத்துப் போடலாமா?

இன்சூரன்ஸ் இல்லை, வலி இருக்கிறது என்றால் சில நேரம் இதுதான் ஒரே வழி. ஆனால் அந்தத் தாளில் வழக்கமாக இருக்கும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: கேஸ் தோற்றாலும், பணம் குறைவாக வந்தாலும் முழு பில்லுக்கும் நீங்களே பொறுப்பு. ஐந்தாம் கேள்வியின் சட்ட உச்சவரம்பை இங்கே நம்பக் கூடாது. இது நீங்களாக எழுதிக் கொடுத்தது. ஒரு ஊசிக்கோ எம்ஆர்ஐக்கோ போடும் விலை இன்சூரன்ஸ் ரேட்டைப் போலப் பல மடங்கு இருக்கும். அதைக் காட்டி "கேஸுக்காகவே செய்த சிகிச்சை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார்.

நல்ல ஹெல்த் இன்சூரன்ஸ் வைத்திருப்பவரை லீன் டாக்டரிடம் அனுப்பும் வக்கீலிடம், ஏன் என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் பில் தொகை பெரிதாக இருந்தால் கோரிக்கையும் பெரிதாகும் என்ற பதில் வரலாம்; அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எதிராளியின் பாலிசி 30,000 என்றால் பில்லைப் பெரிதாக்கி யாருக்கு லாபம்? பாலிசி அளவு தெரியாமல் லீன் சிகிச்சையை நீட்டுவது, என் பார்வையில், நோயாளியின் பங்கை முன்கூட்டியே செலவழிப்பதுதான்.

13. எப்படித்தான் குறைக்கிறது? கெஞ்சினா குறைப்பாங்களா?

கெஞ்சுவது கடைசி ஆயுதம். முதல் ஆயுதம் பில்லே. சுருக்க பில்லை ஏற்காமல், வரி வரியான பில்லும் யூபி-04 படிவமும் (ஆஸ்பத்திரிகள் இன்சூரன்ஸுக்கு பில் அனுப்பும் படிவம்) கேளுங்கள். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து படிகள்; ஒரு எக்ஸ்-ரே எடுத்து இரண்டு மணி நேரத்தில் அனுப்பிய ஆளுக்கு 99285 போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். 068 என்று தொடங்கும் ரெவின்யூ கோடு (எந்த வகைக் கட்டணம் என்று காட்டும் எண்) இருக்கிறதா பாருங்கள்: அது ட்ராமா குழுவைத் தயார்படுத்திய கட்டணம், பல ஆயிரம் டாலர் இருக்கும். ஆம்புலன்ஸ் போன்றவர்கள் வரும் வழியிலேயே முன்தகவல் கொடுத்திருந்தால்தான் அந்தக் கோடைப் போட முடியும். நீங்களே கார் ஓட்டிப் போய் இறங்கியிருந்தால் அந்த வரி அங்கே இருக்க நியாயமில்லை.

அதன் பிறகு சட்டக் காரணங்கள். லீன் நேரத்தில் பதிவானதா? உச்சவரம்பைத் தாண்டுகிறதா? வக்கீல் செலவில் பங்கு கழித்தார்களா? காயம்பட்டவருக்கு முழு இழப்பும் ஈடாகும் முன் இன்சூரன்ஸ் கை வைக்கக் கூடாது என்ற விதி உங்கள் மாநிலத்தில் உண்டா? இதெல்லாம் தீர்ந்த பிறகுதான் கஷ்ட நிலைமைக் கடிதம்: எதிராளி பாலிசி எல்லையைக் காட்டும் தாள், சம்பளம் போன நாட்கள், யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற பட்டியல் மூன்றையும் இணைத்து, ஒரு குறிப்பிட்ட தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "முடிந்ததைக் குறையுங்கள்" என்றால் பத்து சதவீதம் குறைத்துவிட்டு கோப்பை மூடிவிடுவார்கள்.

14. இதெல்லாம் வக்கீல் வேலை இல்லையா?

அவர் வேலைதான், லீன் நோட்டீஸ் அவர் கையில் இருக்கும்போது பணத்தை உங்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்தால் அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்து. ஆனால் எல்லா வக்கீலும் ஒரே உழைப்பைப் போடுவதில்லை. தன் பங்கு மொத்தத் தொகையிலிருந்து போய்விடுவதால் லீன் குறைந்தாலும் கூடினாலும் அவருக்கு ஒன்றுதான். ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள்: லீன் பேரம் உங்கள் ஃபீஸுக்குள் அடக்கமா, வெளி ஆளிடம் கொடுப்பீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா?

செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துப் போடும் முன், உத்தேசப் பங்கீட்டுத் தாளை எழுத்தில் கேளுங்கள். மொத்தம், ஃபீஸ், செலவு, ஒவ்வொரு லீனும் முதலில் கேட்டது எவ்வளவு, கடைசியில் ஒப்பியது எவ்வளவு, உங்கள் கைக்கு எவ்வளவு. அந்தத் தாளில் "பேச்சுவார்த்தையில்" என்று இருக்கும் வரி எதுவானாலும் அதற்கு நேராக முழுத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

15. செட்டில் ஆகி, செக் மாத்தி, செலவும் பண்ணியாச்சு. இப்பதான் லீன் லெட்டர் வருது. தப்பிச்சோமா?

யாருடைய லெட்டர் என்பதைப் பொறுத்தது, மூன்றாம் கேள்வி. ஆஸ்பத்திரி லீன் முறையாகப் பதிவாகி நோட்டீஸும் போயிருந்தால், ஆஸ்பத்திரி எதிர்த்தரப்பு இன்சூரன்ஸைப் பிடிக்கும். அந்த இன்சூரன்ஸ் உங்களைப் பிடிக்கும், ஏனென்றால் நீங்கள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தில் "எல்லா லீன்களுக்கும் நானே பொறுப்பு" என்று ஒரு பத்தி இருந்திருக்கும். டெக்சஸில் பணம் கைமாறும் முன் பதிவாகாத ஆஸ்பத்திரி லீன் செல்லாது. எனவே பதிவுத் தேதியை முதலில் பாருங்கள்.

எரிசா பிளான் என்றால், 2016-இல் மொன்டனீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டுப் பணம் தடம் தெரியாமல் செலவாகிவிட்டால் பிளான் காயம்பட்டவருடைய மற்ற சொத்தில் கை வைக்க முடியாது என்றது. இதைக் கேட்டு வேகமாகச் செலவு செய்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தப் பணத்தில் வாங்கிய காரும் வீடும் தடம் தெரிந்தவைதான். வரப்போகும் உங்கள் க்ளெய்ம்களில் கழித்துக்கொள்ளும் உரிமையையும் பல பிளான்கள் எழுதி வைத்திருக்கின்றன. மெடிக்கேரிடம் இந்த வாதம் செல்லாது.

16. எங்க சொந்த பாலிசியில இருக்கற அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் பணத்து மேலயும் லீன் வருமா?

மோதியவருக்கு இன்சூரன்ஸ் இல்லாதபோது உங்கள் பாலிசியே கொடுக்கும் பணம் இது. டெக்சஸில் ஆஸ்பத்திரி லீன் அதன் மேல் வராது. தப்புச் செய்தவரின் பொறுப்பு இன்சூரன்ஸ் மீதுதான். ஆனால் உங்கள் ஹெல்த் பிளானின் ஆவணம் "எந்த மூலத்திலிருந்து வந்தாலும்" என்று எழுதியிருந்தால் இந்தப் பணத்திலும் பங்கு கேட்கும். இரண்டு பாலிசிகளிலிருந்து பணம் வரும் கேஸில், எந்த லீனை எந்தப் பணத்திலிருந்து கட்டுவது என்று பார்த்துப் பிரிக்கத் தெரிந்த வக்கீலால் சில ஆயிரங்கள் மிஞ்சும்.

17. பெற்றோர் ஊருக்குத் திரும்பிட்டாங்க. இனி லீன் பத்திக் கவலைப்படணுமா?

லீன் ஆளைத் தொடர்வதில்லை, பணத்தைத் தொடர்கிறது. அவர்கள் மதுரையில் இருந்தாலும் செக் இங்கேதான் எழுதப்படும். ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்தே செக் எழுதும் இன்சூரன்ஸ்களும் உண்டு. வழக்குப் போடும் காலக்கெடு, கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் பொதுவாக 2 வருடம், அவர்கள் விமானம் ஏறியதால் நிற்காது. கிளம்பும் முன் வக்கீல் ஒப்பந்தம், மருத்துவ ரெக்கார்டு பெற அனுமதி இரண்டிலும் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஊரில் தொடரும் பிசியோதெரபி, மருந்துச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் தேதி, தொகை, முத்திரையோடு ரசீது வேண்டும். அதுவும் கோரிக்கையில் சேரும். கையிலிருந்து கட்டியதால் அந்தச் செலவுக்காக யாரும் லீன் கேட்க முடியாது.

18. லீன் தொகையைக் கட்டியாச்சு. வேற ஏதாவது பாக்கி இருக்கா?

பதிவு செய்த லீன் தானாக அழியாது. விடுவிப்புப் பத்திரத்தை ஆஸ்பத்திரியிடமிருந்து வாங்கி, லீன் பதிவான அதே கவுன்டி அலுவலகத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். பூஜ்ய பாக்கிக் கடிதம், கட்டிய செக்கின் நகல், மெடிக்கேர் என்றால் வழக்கு மூடிய கடிதம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். எமர்ஜென்சி டாக்டர் குழு, ரேடியாலஜி, ஆம்புலன்ஸ் மூவரும் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக பில் போடுபவர்கள். ஆஸ்பத்திரி கணக்கு தீர்ந்ததால் அவர்கள் கணக்கு தீராது. ஆறு மாதம் கழித்து கலெக்ஷன் ஏஜென்சியிடமிருந்து வரும் 1,100 டாலர் கடிதம் பெரும்பாலும் இவர்களில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். செட்டில்மென்ட் பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் இருக்கும்போதே மூவரிடமும் பாக்கி கேட்டு எழுதுங்கள்.